ஆர்டர் டேபிளிலிருந்து கூரியர் லேபிள் வரை: புரோகிராம் எழுதாமல் இணைத்தவர்களின் அனுபவங்கள்

சென்னிமலை, பெட்ஷீட் வியாபாரம்:

ஆர்டர்களை ஏர்டேபிளில் (ஆன்லைன் டேபிள் சேவை) வைத்துக்கொண்டு, பார்சல் புக்கிங்குக்குத் தனியாக ஒரு ஷிப்பிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இரண்டையும் இணைத்தவர்கள் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் காசை விடாமல் இருக்க அது உதவும். முதலில் நானே எழுதுகிறேன்.

எங்களுக்கு வாட்ஸாப்பிலும் வெப்சைட்டிலும் ஆர்டர் வருகிறது. எல்லாம் ஒரே டேபிளில் வந்து சேரும். முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் என் தங்கச்சி ஒவ்வொரு முகவரியாகக் காப்பி செய்து சாஃப்ட்வேரில் ஒட்டிக்கொண்டிருப்பாள். இப்போது அந்த வேலையை, ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைத் தானாகக் கொண்டுபோகும் மேக் (Make) என்ற சேவை செய்கிறது. இன்டெக்ரோமேட் என்று இருந்ததே, 2022-ல் பெயர் மாறியது, அதேதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது, பார்சல் எந்த நேரத்தில் புக் ஆக வேண்டும் என்பது. பலரும் ஆர்டர் விழுந்தவுடன் புக் ஆகிற மாதிரி வைக்கிறார்கள். அப்போது எடையும் தெரியாது, எந்தப் பெட்டி என்றும் தெரியாது. எங்கள் டேபிளில் நிலை என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. பேக் செய்பவர் அதில் 'பேக் ஆச்சு' என்று தேர்ந்தெடுத்தால்தான் அந்த வரி ஒரு தனி வியூவுக்குள், அதாவது வடிகட்டிய பட்டியலுக்குள், போகும். மேக் அந்த வியூவை மட்டும் பார்க்கும். வந்த வரியை எடுத்து ஷிப்பிங் சாஃப்ட்வேரில் ஆர்டராகப் போட்டு, கிடைக்கிற ஏடபிள்யூபி நம்பரையும் (பார்சலுக்குக் கூரியர் தரும் எண்) லேபிள் லிங்கையும் அதே வரியில் எழுதிவிடும்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூரியர்காரர்கள் தராசு எடையையும் பெட்டியின் கன அளவு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பெரும்பாலும் வழக்கம். 40, 30, 10 பெட்டி என்றால் 2.4 கிலோ வரும். உள்ளே இருக்கும் பெட்ஷீட் ஒன்றரைக் கிலோதான் இருக்கும். இந்தக் கணக்கை டேபிளிலேயே ஃபார்முலாவாகப் போட்டோம். பெட்டிகளுக்குத் தனி டேபிள் வைத்து லிங்க் கொடுத்ததால், பேக் செய்பவர் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். புக் ஆகும் முன்பே செலவு தெரிந்துவிடுகிறது. தராசில் வைத்து எடுத்த போட்டோவையும் அதே வரியில் சேர்த்துவிடுகிறோம். பிறகு எடையில் தகராறு வந்தால் தேடி அலைய வேண்டியதில்லை.

கோவில்பட்டி, கடலை மிட்டாய்:

தம்பி எழுதியதோடு நான் சேர்க்க வேண்டியது டபுள் புக்கிங். எங்களுடையது கூகுள் ஷீட்டும், மேக் மாதிரியே இணைத்துத் தரும் ஜேப்பியரும். தீபாவளி நெருக்கத்தில் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு லேபிள் வர ஆரம்பித்தது. இரண்டும் சிஓடி, அதாவது பொருள் வந்ததும் பணம். ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றைத் திருப்பி அனுப்பினார்கள். போன வாடகையும் நம் தலையில், திரும்பி வந்த வாடகையும் நம் தலையில். அலைந்து திரும்பிய மிட்டாயை மறுபடி இன்னொருவருக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

காரணத்தைத் தேடிப் பார்த்தோம். ஆர்டர் வந்ததும் வெப்சைட் ஒரு வெப்ஹூக், அதாவது தானாகப் போகும் செய்தி, அனுப்புகிறது. எதிர்முனை உரிய நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில் சொல்லாவிட்டால் அதே செய்தியை மறுபடி அனுப்பும். ஆர்டர் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே ஆர்டர் இரண்டு தடவை வரத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டு நம் பக்கத்தைக் கட்ட வேண்டும். இப்போது புக் செய்வதற்கு முன் ஆர்டர் நம்பரை ஷீட்டில் தேடுகிற படி ஒன்று இருக்கிறது. ஏடபிள்யூபி கட்டம் காலியாக இருந்தால் மட்டும் மேலே போகும். ஜேப்பியர் டாஸ்க் எண்ணிக்கையை வைத்துத்தான் காசு வாங்கும், நிபந்தனை பார்க்கிற ஃபில்டர் படிக்கு அந்தக் கணக்கு ஏறாது. அதனால் நிறுத்த வேண்டியதை எவ்வளவு முன்னால் நிறுத்த முடியுமோ அவ்வளவு நல்லது.

ஷீட் வைத்திருப்பவர்கள் நடுவில் வரி சேர்க்காதீர்கள், ஆட்டோமேஷன் ஓடுகிற ஷீட்டின் வரிசையையும் மாற்றாதீர்கள். ஜேப்பியர் புது வரியைக் கடைசியில்தான் எதிர்பார்க்கும். அப்புறம், பணம் செலுத்தும் முறை. கடையில் ஆளுக்கொரு மாதிரி 'சிஓடி', 'கேஷ்', 'வந்ததும் தருவார்' என்று டைப் செய்தார்கள். எங்கள் சாஃப்ட்வேர் சிஓடி, ப்ரீபெய்டு என்ற இரண்டு சொற்களைத்தான் ஏற்கும். டிராப்டவுன் போட்டதும் அந்தத் தலைவலி தீர்ந்தது.

காரைக்குடி, வெளிநாட்டுக்குப் பலகாரம்:

அண்ணாச்சி சொல்வது சரி, கோளாறு பெரும்பாலும் டேபிளில்தான் இருக்கிறது. எங்களைப் படுத்தியது சைபர், அதாவது பூஜ்யம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிப்கோடுகள் (அந்த ஊர் பின்கோடு) சைபரில் தொடங்கும். நம் ஆட்கள் நிறைய இருக்கிற எடிசனில் ஒரு ஜிப்கோடு 08820. டேபிளில் அது நம்பர் ஃபீல்டாக இருந்தால் 8820 ஆகிவிடும். நம் பின்கோடு எதுவும் சைபரில் தொடங்காது, தமிழ்நாடு முழுக்க 6-ல் தொடங்குகிறது. அதனால் உள்ளூர் ஆர்டர் மட்டும் போகிறவரை இது கண்ணில் படவே படாது. சிங்கப்பூரின் ஆறு இலக்க எண்களிலும் சைபரில் தொடங்குபவை உண்டு. கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் எந்த எண்ணாக இருந்தாலும் டெக்ஸ்ட் ஃபீல்டில் வையுங்கள். போன் நம்பருக்கும் இதே விதிதான்.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அங்கே இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ் கோடு (சுங்கத்துக்கான பொருள் வகை எண்), எந்த நாட்டில் செய்தது, விலை மூன்றும் சரியாகப் போக வேண்டும். நாங்கள் இவற்றைப் பொருள் டேபிளில் ஒரு தடவை எழுதி வைத்துவிட்டோம். ஆர்டர் டேபிள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் ஆர்டர் ஷிப்பிங் பக்கம் போகாது.

திருப்பூர், பனியன் மொத்த விற்பனை:

எங்கள் ஃப்ளோவில் வேண்டுமென்றே ஓர் இடத்தில் மனிதரை உட்கார வைத்திருக்கிறோம். வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணம்) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் அந்த வரம்பு ஒரு லட்சம். மதிப்பும் சேருகிற மாநிலமும் டேபிளில் இருப்பதால் ஃபில்டர் போடுவது எளிது. வரம்பைத் தாண்டிய ஆர்டர் புக் ஆகாமல் நின்று, எங்கள் கணக்காளர் அக்காவுக்குச் செய்தி போகும். அவர் பில் எண்ணை எழுதிய பிறகுதான் நகரும். இதையும் தானாக ஓட விடலாமே என்று பலர் சொன்னார்கள். சரக்கு நடுவழியில் நின்றால் வண்டியில் போகிற டிரைவர்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு எனக்குச் சம்மதம் இல்லை.

சென்னை, பதிப்பகம்:

நாங்கள் எங்கள் சர்வரிலேயே என்8என் (மேக் மாதிரியான சாஃப்ட்வேர், சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம்) நிறுவி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு இணைத்திருக்கிறோம். ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது ஆன்லைன் ஆர்டரும் கூடவே ஏறும், அப்போது ஒவ்வொரு படிக்கும் காசு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பராமரிக்க ஓர் ஆள் இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள். இல்லையென்றால் மேக், ஜேப்பியர் போதும்.

சொந்தமாக நிறுவினால் முதலில் நேர மண்டலத்தை மாற்றுங்கள். நாமாக எதுவும் கொடுக்காவிட்டால் அது நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும். காலை பத்து மணி பிக்கப் என்று நீங்கள் வைத்தது இங்கே இரவில் ஓடும்.

அடுத்தது டோக்கன், ஷிப்பிங் சேவைக்குள் நம் ஃப்ளோ நுழைவதற்கான ரகசியச் சாவி. பல ஷிப்பிங் சேவைகளின் டோக்கனுக்கு ஆயுள் உண்டு. எங்கள் சேவையில் பத்து நாள். அது முடிந்தால் புக்கிங் நின்றுவிடும், டேபிளைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரியே தெரியும். ஒரு சனிக்கிழமை மதியம் நின்றது திங்கள் காலை வாசகர் ஒருவர் போன் செய்தபோதுதான் தெரிந்தது. இப்போது தினமும் விடியற்காலையில் புது டோக்கன் வாங்கி வைத்துவிடுகிறது. அதோடு எரர் ட்ரிகர் (பிழை வந்ததும் ஓடத் தொடங்கும் படி) வைத்த தனி ஃப்ளோ ஒன்று, எங்கே எது தோற்றாலும் ஆர்டர் நம்பரோடு டெலிகிராமுக்கு அனுப்பும். ஆட்டோமேஷன் வைக்கிற எல்லாரும் அன்றே இதையும் வைக்க வேண்டும். பணம் கட்டிவிட்டுப் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறவருக்கு நாம் செய்கிற மரியாதை அது.

சென்னிமலை, பெட்ஷீட் வியாபாரம்:

டோக்கன் விஷயத்தை இன்றே பார்க்கிறேன் சார். ஏர்டேபிள்காரர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு பேஸுக்கு (டேபிள்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு) வெளியிலிருந்து வரும் சாஃப்ட்வேர் கோரிக்கை விநாடிக்கு 5-தான் அனுமதி. டிராக்கிங் நிலையை வரி வரியாக எழுதினால் சீக்கிரம் முட்டும். ஒரே கோரிக்கையில் 10 வரிகள்வரை அனுப்பலாம், அப்படிச் சேர்த்து அனுப்புங்கள்.

திரும்பி வருகிற பார்சலை யாராவது ஸ்டாக் டேபிளோடு இணைத்திருக்கிறீர்களா? ஆர்டிஓ (அனுப்பியவருக்கே திரும்புகிறது) என்று நிலை மாறியதும் ஸ்டாக் கூடினால், வண்டியில் இருக்கும் பெட்ஷீட்டையே மறுபடி விற்றுவிடுவோம்.

கோவில்பட்டி, கடலை மிட்டாய்:

ஆர்டிஓ நிலையை வைத்துக் கூட்டாதீர்கள் தம்பி. 'திரும்பி வந்தது' என்று ஒரு செக்பாக்ஸ் வையுங்கள். பார்சல் கைக்கு வந்து, பிரித்துப் பார்த்து, உங்கள் ஆள் டிக் போட்டால் மட்டும் ஸ்டாக் கூடட்டும்.