மண்டாய் மழைக்காட்டுப் பூங்கா: முழங்கால் வலியுள்ள பெரியவரையும் ஏழு வயதுச் சிறுவனையும் அழைத்துச் செல்லலாமா?

பொங்கோல் அம்மா:
அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரையும் என் மகனையும் ஜூன் விடுமுறையில் சிங்கப்பூர் மண்டாயில் உள்ள ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஆசியா என்ற விலங்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே விலங்குகள் மறைந்துகொள்ள நிறைய இடம் உண்டு என்கிறார்கள். முன்பு வேறொரு நாட்டில் ஒரு விலங்குக் காட்சிசாலைக்குப் போனபோது, குகைக்குள் படுத்திருந்த கரடி கடைசிவரை வெளியே வராததால் பையன் அழுதுவிட்டான். மாமனாருக்கு நெடுநேரம் நடக்க முடியாது. போய் வந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பறவை நோக்கி:
வணக்கம் சகோதரி. 2025 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் மேலே ஒரு நடைபாலமும் கீழே காட்டுத்தரைப் பாதையும் உண்டு. படிகள் இல்லாததால் நடைபாலமே உங்கள் மாமனாருக்கு ஏற்றது. கரடுமுரடான கீழ்ப்பாதையில் உங்கள் மகன் மகிழ்ந்து நடப்பான். இருவரையும் ஒரே பாதையில் இழுத்துச் செல்லாமல், பெரியவர்கள் பிரிந்து ஆளுக்கொருவரை அழைத்துச் செல்லுங்கள்.

விலங்கு மறைந்துகொள்வதைக் குறையாக எண்ண வேண்டாம். பார்வையாளர் கண்ணிலிருந்து விலக இடமில்லாத விலங்கு மனஅழுத்தத்தில் ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கக்கூடும். அதைச் சுறுசுறுப்பு என்று நாம் தவறாக நினைத்துக் கைதட்டியிருக்கிறோம். சென்ற முறை நான் இருபது நிமிடம் இலைகளை மட்டுமே பார்த்து நின்றேன். பிறகு ஒரு கிளை அசைந்து, வெள்ளை வால் ஒன்று விழுதுபோல் தொங்கியது. அதற்கு மேலே, செம்பழுப்புக் காலுறை அணிந்தது போன்ற கால்களை மடக்கி, டூக் லங்கூர் குரங்கு ஒன்று ஒவ்வோர் இலையாகப் பறித்து மென்றுகொண்டிருந்தது. வியட்நாம், லாவோஸ் காடுகளுக்குரிய அந்தக் குரங்கு அழியும் ஆபத்தில் இருப்பது. பையனிடம் முன்கூட்டியே, "நாம் தேடப் போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். தேடுகிற பிள்ளை ஏமாறுவதில்லை. கரடியைக் காண வெயில் ஏறுமுன் போங்கள்.

தோ பாயோ தாத்தா:
என் பேரப்பிள்ளைகளோடு சென்ற அனுபவத்தில் சொல்கிறேன்: மாமனாருக்குக் களைப்பு ஏற்படும் என்றால், 2025 ஜூலையில் திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகம் நல்லது. செந்தோசா தீவில் முன்பிருந்த மீன்காட்சியகத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது, முழுவதும் குளிரூட்டப்பட்டது. என் பேத்தி நகர மறுத்த இடம் நிலா ஜெல்லிமீன்கள் மிதக்கும் வட்டத் தொட்டி. ஜெல்லிமீன் மூலையில் சிக்கினால் அதன் மெல்லிய உடல் கிழிந்துவிடும் என்பதற்காகவே தொட்டியை வட்டமாக்கி, நீரை மெதுவாகச் சுழலவிட்டிருக்கிறார்கள். இறந்த திமிங்கலம் கடலடியில் விழுந்து, பல ஆண்டுகள் எத்தனையோ உயிர்களுக்கு உணவாவதைக் காட்டும் பகுதியையும் தவறவிடாதீர்கள்.

பொங்கோல் அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் மண்டாய்க்கே போகிறோம். காத்திப் ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் காலையிலேயே கிளம்புகிறோம். மாமனார் என் கணவரோடு நடைபாலத்தில் வருவார், நானும் மகனும் கீழே போவோம். மாமனாருடைய பழைய தொலைநோக்கியைப் பேரன் இப்போதே எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.