கோத்தகிரியில் புதிதாகப் போட்டோ எடுக்கிறேன், வெப்சைட் நானே போடலாமா?

கோத்தகிரிப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடம் ஒரு ஸ்டுடியோவில் உதவிக்கு இருந்தேன், லைட் பிடிப்பது, ஆல்பத்துக்குப் படம் ஒதுக்குவது என்று. இப்போது சொந்தமாகக் கேமராவும் 35, 85 எம்எம் லென்சும் வாங்கிவிட்டேன். சொந்தத்துக்குள் நான்கு கல்யாணம், ஒரு வளைகாப்பு எடுத்தாகிவிட்டது, வெளியிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை. இன்ஸ்டாகிராமில் போட்டால் தெரிந்தவர்கள் லைக் போடுகிறார்கள், அதோடு சரி. வெப்சைட் செய்துதர ஒருத்தர் 25 ஆயிரம் கேட்கிறார். நானே செய்ய முடியுமா? 140 படம் எடுத்து வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் ஏற்றலாமா? விலையைப் போடலாமா, போட்டால் இங்கே பல வருடமாகத் தொழில் செய்பவர்கள் வருத்தப்படுவார்களோ என்றும் இருக்கிறது.

குன்னூர் ரயிலடி:
தங்கச்சி, 140 வேண்டாம், 25 போதும். எந்த மாதிரி வேலை வரவேண்டும் என்று நினைக்கிறாயோ அந்தப் படங்களை மட்டும் போடு. நம் ஹட்டிக் கல்யாணங்களில், அதாவது படுகர் ஊர்க் கல்யாணங்களில், எல்லோரும் வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடும்போது பின்னால் மஞ்சு இறங்கியிருக்கும், வெள்ளைமேல் வெள்ளை, கேமராவை அதன் போக்கில் விட்டால் மொத்தமும் சாம்பலாக வந்து நிற்கும். கேமராவில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, ஏற்றி, துணி வெள்ளையாக, அதன் மடிப்பும் தெரிய, முகமும் சரியாக வந்த படம் ஒன்று உன்னிடம் நிச்சயம் இருக்கும். அதை முதலில் வை. கீழேயிருந்து வருகிறவர்களுக்கு அது அவ்வளவு சுலபத்தில் கைவராது.

அப்புறம் படத்தின் சைஸ். என் முதல் சைட்டில் 8 எம்பி படங்களை அப்படியே ஏற்றியிருந்தேன். கொடநாடு ரோட்டில் ஒரு பெண்ணின் அப்பா நின்றபடியே போனில் திறந்தார், சிக்னல் ஒரு புள்ளிதான், படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்குகிறது, வானம் வந்தது, சில்வர் ஓக் மரம் வந்தது, மணப்பெண் முகம் வருவதற்குள் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். அந்த ஆர்டர் எனக்கு வரவில்லை. நீளப் பக்கம் 2048 பிக்சல், நிறத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற அமைப்பு, ஒரு படம் 400 கேபிக்குள் இருக்கட்டும். கேமரா கொடுத்த நம்பரோடு ஏற்றாமல் ஊர் பேரும் நிகழ்ச்சியும் ஃபைல் பேரில் வரட்டும்.

வெப்சைட்டுக்கு முன்னாலேயே கூகுள் பிசினஸ் புரொஃபைல் திறந்துவிடு, கூகுளிலும் மேப்பிலும் தேடுகிறவர்களுக்கு உன் தொழிலைக் காட்டும் பக்கம் அது, காசு கிடையாது. ஸ்டுடியோ இல்லை என்றால் வீட்டு முகவரியை மறைத்து, எந்தெந்த ஊருக்கு வருவாய் என்பதை மட்டும் காட்டலாம். அந்த நான்கு கல்யாண வீட்டிலும் கேட்டு ரிவ்யூ வாங்கு, உள்ளதை எழுதச் சொல்.

எனக்கு அதிகம் ஆர்டர் கொண்டுவந்தது படங்களைவிட ஒரு பக்க எழுத்துதான். கோவை, சென்னையிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாதம் வரலாம்?" என்பதைத்தான். ஜூன், ஜூலையில் கூடலூர் பக்கம் கொட்டும், குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். வெளியூர் வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். பொட்டானிக்கல் கார்டன், வனத்துறை இடங்களில் தொழிலுக்காக எடுப்பதானால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். இதையெல்லாம் உன் சொந்த வார்த்தையில் எழுதிப் போடு. விலையில் "இவ்வளவு முதல்" என்று ஒரு எண்ணாவது இருக்கட்டும், வருத்தப்படுகிறவர்கள் பட்டுக்கொள்ளட்டும், ஆனால் அடிமாட்டு விலை மட்டும் போடாதே.

ஊட்டி அக்கா:
25 ஆயிரம் இப்போது வேண்டாம்மா. படம் திருத்துகிற லைட்ரூமுக்கு மாதப் பணம் கட்டுகிறாயா? அடோபியின் போட்டோகிராபி பிளானோடு வெப்சைட் செய்துகொள்ள அடோபி போர்ட்ஃபோலியோவும் சேர்ந்தே வருகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, மட்டும் உன் பேரில், உன் ஈமெயிலில், ஓடிபி உன் போனுக்கு வருகிற மாதிரி நீயே வாங்கு. எனக்குச் செய்துகொடுத்தவர் தன் பேரில் வாங்கி வைத்திருந்தார். புதுப்பிக்க வேண்டிய நாளில் போனை எடுக்கவில்லை, 300 விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி செத்துப்போனது, புதுப் பேர் வாங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்னொன்று, முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதே, இரண்டாம் வருடம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்கு.

கொடைக்கானல் நண்பர்:
ஒன்று விட்டுப்போனது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தது நாம் என்பதால் நம்முடையது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில், உரிமை யாருக்கு, வெப்சைட்டில் போட்டுக்கொள்ளலாமா, மழையில் நிகழ்ச்சி தள்ளிப்போனால் என்ன செய்வது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உறவுக்காரர்கள் என்றால்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும், அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள்.

கோத்தகிரிப் பெண்:
அண்ணா, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து 140ஐ 22 ஆக்கிவிட்டேன், மஞ்சில் ஆடுகிற படம்தான் முதலில். டொமைன் என் பேரிலேயே வாங்கியாகிவிட்டது. காலையில் அத்தை மகளுக்குப் போன் போட்டு, உன் கல்யாணப் படத்தைப் போடட்டுமா என்று கேட்டேன். போடு, ஆனால் அப்பா அழுகிற படம் மட்டும் வேண்டாம் என்றாள். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. எடுத்துவிட்டேன், இப்போது 21.