பழைய கைபேசியை மாற்ற எந்த வழியில் உண்மையான செலவு குறைவு?

நிலாமுற்றம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் கைபேசிக்கு நான்கு வயதாகிறது. காலை ஏழு மணிக்கு நூறு சதவீதத்தோடு எடுத்துக்கொண்டு கிளம்பினால், பிற்பகல் மூன்று மணிக்குள் பதினைந்துக்கு இறங்கிவிடுகிறது. இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துபோனதும் உண்டு. மற்றபடி திரை, கேமரா, ஒலிபெருக்கி எதிலும் குறையில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்னும் 14 மாதங்களுக்கு வரும் என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்தேன்.

மாற்றலாம் என்று விசாரிக்கத் தொடங்கியபோதுதான் குழப்பம் வந்தது. ஒருவர் மொத்த விலையைச் சொல்கிறார், இன்னொருவர் மாதத் தொகையை மட்டும் சொல்கிறார், மூன்றாமவர் பழையதைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார் என்பதை மட்டும் சொல்கிறார். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியவில்லை. ஆகவே நான் வாங்க நினைக்கும் மாடலின் பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்லப்பட்ட எல்லாத் தொகைகளையும் அந்த அளவிலேயே கீழே தருகிறேன்.

ரொக்கமாக வாங்கினால் 5 தள்ளுபடி. பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால், ஊக்கத்தொகையும் சேர்த்து 16 கழிப்பார்கள். ஆனால் அப்போது ரொக்கத் தள்ளுபடி கிடையாது. பழையதை வெளியில் நேரடியாக விற்றால் 12 கிடைக்கும். வட்டியில்லாத 12 மாதத் தவணையும் உண்டு. அதற்குச் செயலாக்கக் கட்டணம் 1, தள்ளுபடி கிடையாது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 36 மாத ஒப்பந்தத்தில், கைபேசியோடு சேர்ந்த திட்டத்துக்கும் வெறும் சிம் திட்டத்துக்கும் மாதம் 3.2 வித்தியாசம். இரண்டு ஆண்டுக்கொருமுறை திருப்பிக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளும் மேம்படுத்தல் திட்டத்துக்கு, காப்பீடு உட்பட, மாதம் 2.9. அதே வரிசையின் சென்ற ஆண்டு மாடல், பெட்டி பிரிக்காதது, 78. இரண்டு ஆண்டு முந்தைய மாடல், புதுப்பித்து விற்கப்படுவது, 58. எதுவும் வாங்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் 8.

இவற்றை எந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பது என்பதே என் கேள்வி. எந்தக் கைபேசி சிறந்தது என்ற விவாதம் இங்கே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை

தொகைகளை 100-க்கு மாற்றி எழுதியதிலேயே பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். மீதிப் பாதிக்கு ஒரே அளவுகோல் போதும். கைபேசிக்காக உங்கள் கையிலிருந்து போகும் மொத்தப் பணத்திலிருந்து கடைசியில் அதை விற்றால் திரும்பி வருவதைக் கழித்து, பயன்படுத்தும் மாதங்களால் வகுத்துவிடுங்கள். எத்தனை மாதம் என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாமல், பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை வரும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில் எக்ஸ்சேஞ்சைப் பார்ப்போம், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் அதுதான். 16 என்பது 12-ஐ விடப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் எக்ஸ்சேஞ்சில் நீங்கள் கட்டுவது 84. ரொக்கமாக 95-க்கு வாங்கி, பழையதை 12-க்கு விற்றால் கட்டுவது 83. விற்பதும் வாங்குவதும் இரண்டு தனித்தனி வியாபாரம். இரண்டையும் ஒரே ரசீதில் முடிச்சுப் போடும்போது எதில் எவ்வளவு போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒன்றை மிச்சப்படுத்துவதற்காக முகம் தெரியாத ஒருவரோடு பேரம் பேச விருப்பமில்லை என்றால் எக்ஸ்சேஞ்சே போதும் என்பேன். ஆனால் 4 இலாபம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இன்னொன்று: சில இடங்களில் எக்ஸ்சேஞ்சுத் தொகையை உடனே கழிக்காமல் 24 அல்லது 36 மாதப் பில்களில் சிறிது சிறிதாகக் கழிப்பார்கள். இடையில் விலகினால் மீதி போய்விடும்.

உங்களுடைய நான்கு வயதுக் கைபேசி இன்று 12 பெறுவதால், புதியதும் நான்கு ஆண்டு கழித்து 12 பெறும் என்று கொள்வோம். மூன்றாம் ஆண்டில் ஒரு பேட்டரி, 8. ரொக்கமாகப் புதியது வாங்கினால் 95 கூட்டல் 8 கழித்தல் 12, அதாவது 91. 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1.90. ஒப்பந்தத்தில் 36 மாத வித்தியாசம் 115.2 ஆகிறது, அதே கைபேசியை அதே 48 மாதம் வைத்திருந்தால், பேட்டரிக்கான 8-ஐக் கூட்டி விற்பனையில் வரும் 12-ஐக் கழித்தபின், மாதம் 2.32. ஒப்பந்தம் முடிந்த 37-ஆவது மாதம் சிம் திட்டத்துக்கு மாறாமல் மறந்துவிட்டால் இது இன்னும் ஏறும். பேட்டரி மட்டும் மாற்றினால் 8-ஐ 14-ஆல் வகுக்க, மாதம் 0.57. அருகில் வரக்கூடியது வேறெதுவும் இல்லை.

மேம்படுத்தல் திட்டம் மாதம் 2.9 என்று வெளிப்படையாகவே தெரிகிறது. நீங்களே ரொக்கமாக வாங்கி, இரண்டு ஆண்டில் 45-க்கு விற்பதாக வைத்துக்கொண்டால் மாதம் 2.08 தான். இடைவெளியை 24 மாதத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 20 வருகிறது. காப்பீட்டுக்கும் விற்கிற அலைச்சல் இல்லாததற்கும் சேர்த்து நீங்கள் கொடுக்கும் விலை அது.

வட்டிக்கணக்கு

தவணையைப் பற்றி மேலே யாரும் தொடவில்லை, ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன். 'வட்டியில்லாத் தவணை' என்பதில் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், உங்களுக்குக் கிடைக்காமல் போகிற தள்ளுபடியில்தான். ரொக்கத்தில் 95-க்குக் கிடைக்கும் பொருளுக்கு நீங்கள் 100 தவணையும் 1 கட்டணமுமாக 101 கட்டுகிறீர்கள். ஆறு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் மாதமே அசலைத் திருப்பத் தொடங்கிவிடுவதால், ஆண்டு முழுவதும் உங்கள் பேரில் நிற்கும் கடன் சராசரியாகப் பாதிதான். பாதிக் கடனுக்கு 6 கொடுத்தால் ஆண்டு வட்டி சுமார் 11.6 சதவீதம் ஆகிறது.

'ஃபிளாட்' வட்டி, அதாவது கடன் குறைந்துகொண்டே வந்தாலும் தொடக்கத் தொகை முழுவதற்கும் கணக்கிடும் வட்டி, என்று சொல்லும் தவணைகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 12 சதவீத ஃபிளாட் வட்டியில் 12 மாதத் தவணை எடுத்தால், குறையும் நிலுவையின்படி அது சுமார் 21.5 சதவீதத்துக்குச் சமம். அதே பணத்தை வங்கியில் வைத்திருந்தால் உங்களுக்கு என்ன வட்டி வரும் என்பதைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தவணை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கையிருப்பைக் கரைக்க முடியாத நிலையில் 11.6 சதவீதம் ஏற்கத்தக்கதாகவே இருக்கலாம். அதை இலவசம் என்று எண்ணிக்கொண்டு எடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சுவடி

கணக்குப்பிள்ளை ஐயாவின் முறையை ஏற்கிறேன், ஆனால் பேட்டரி வரியில் அவருடைய முறையை அவரே மீறியிருக்கிறார். பழைய கைபேசியை இன்று விற்றால் 12. பதினான்கு மாதம் கழித்து, புதுப்பிப்பும் நின்றுபோன நிலையில், 5 கிடைத்தால் பெரிது. வைத்துக்கொள்வதற்காக இழக்கும் அந்த 7-ஐயும் சேர்த்தால் மொத்தம் 15; மாதம் 0.57 அல்ல, 1.07.

கணக்குப்பிள்ளை

திருத்தம் சரி. கையில் இருப்பதற்கு விலை இல்லை என்று நினைக்கும் பழக்கம் எனக்கும் போகவில்லை போலிருக்கிறது. வரிசையில் அதுவே இன்னமும் முதலில் நிற்கிறது, ஆனால் இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டது.

இரண்டாம்கை

கடந்த மூன்று கைபேசிகளையும் புதுப்பிக்கப்பட்டதாகவே வாங்கியவன் என்ற முறையில், 58-ஐப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

இந்த வழியில் கணக்கு முழுவதையும் புரட்டிப்போடுவது மாதங்களின் எண்ணிக்கை. 58 கொடுத்து, பேட்டரிக்கு 8 வைத்து, மூன்று ஆண்டு கழித்து 8-க்கு விற்றால் மாதம் 1.61. பெட்டி பிரிக்காத சென்ற ஆண்டு மாடலை 78-க்கு வாங்கி, பேட்டரிக்கு 8 சேர்த்து, நான்கு ஆண்டு கழித்து 8-க்கு விற்றால் 1.63. இரண்டும் ஒன்றே, அப்படியானால் பெட்டி பிரிக்காததை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் 58-க்கு வாங்கியதை நான்கு ஆண்டு ஓட்டி, கடைசியில் 5-க்கே விற்றாலும், மாதம் 1.27-க்கு இறங்கிவிடுகிறது. அந்த நான்காம் ஆண்டு உங்களுக்கு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது புதுப்பிப்புக் காலம். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்கும், 2024 தொடக்கத்தில் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பல மாடல்களுக்கு இவ்வளவு கிடையாது. முக்கியமாக, இந்த ஆண்டுகள் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஆகவே 'இரண்டு ஆண்டு பழையது' என்றால் எந்த மாடல் என்று பார்க்காமல் கணக்குப் போட முடியாது.

என் இரண்டாவது கைபேசியில் பட்ட அனுபவம் ஒன்று. ஐபி68 தரத்தில் நீர் புகாதது என்று விளம்பரக் குறிப்பில் இருந்தது. வெளியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஒரு நாள் நல்ல மழையில் நனைந்து வந்து மேசையில் வைத்தேன். சற்று நேரத்தில் கேமராக் கண்ணாடியின் உட்புறம் மூச்சுவிட்டது போல மங்கலாகப் பூத்திருந்தது. பின்மூடியின் கீழ் ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் உள்ளே போயிற்று. யாரோ திறந்திருக்கிறார்கள், ஒட்டுப்பசையைப் புதிதாக இடாமலே மூடியிருக்கிறார்கள். நீரால் வந்த பழுது உத்தரவாதத்தில் அடங்காது என்று விற்றவர் கைவிரித்துவிட்டார். அன்று முதல் ஓரங்களை நகத்தால் தடவிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

வேறு மூன்று சோதனைகளையும் விடுவதில்லை. *#06# அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்) ரசீதில் உள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். முதல் அமைப்புத் திரை பழைய உரிமையாளரின் கணக்கையோ கடவுச்சொல்லையோ கேட்காமல் கடந்துபோக வேண்டும். கேட்டால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்குச் செங்கல்தான். வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தத்தில் விற்கப்பட்ட கைபேசி ஒரே வலையமைப்புக்குப் பூட்டப்பட்டிருக்கலாம்.

நிலாமுற்றம்

அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன்: பேட்டரி 1.07, புதுப்பிக்கப்பட்டது 1.27 முதல் 1.61 வரை, சென்ற ஆண்டு மாடல் 1.63, ரொக்கத்தில் புதியது 1.90, ஒப்பந்தம் 2.32, மேம்படுத்தல் திட்டம் 2.9. கடைசி இரண்டையும் அடித்துவிட்டேன். இப்போது தயக்கமெல்லாம் முதல் வரியில்தான். 8 கொடுத்து மாற்றிய பேட்டரி பழைய வேகத்தைத் திருப்பித் தருமா, அல்லது மூன்று மாதத்தில் மறுபடி இதே நிலைக்கு வந்துவிடுமா? அப்படி வந்தால் 14-ஆல் வகுத்த கணக்கு பொய்யாகிவிடும்.

திருகாணி

கைபேசி பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறி, இருபது சதவீதத்தில் திடீரென்று அணைவது, தேய்ந்த பேட்டரிக்கே உரியது. பேட்டரி வயதாக ஆக அதன் உள்தடை கூடுகிறது; கேமராவைத் திறப்பது போன்ற வேலையில் ஒரேயடியாக மின்சாரம் தேவைப்படும்போது மின்னழுத்தம் சரிந்து, கைபேசி தன்னை அணைத்துக்கொள்கிறது. இதைத் தவிர்ப்பதற்காக, தேய்ந்த பேட்டரி கொண்ட ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அந்த மாதிரிக் கைபேசிகளில் பேட்டரியை மாற்றியதும் வேகமும் திரும்பியது. எல்லாத் தயாரிப்பிலும் இப்படி நடக்கும் என்று உறுதி கூற மாட்டேன், ஆனால் அணைந்துபோவது நிற்கும்.

ஆயுளைப் பொறுத்தவரை, ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவும், ஐபோன் 15 முதல் 1000 சுழற்சிக்குப் பிறகு அதே அளவும் நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைபேசிகளுக்கு 800 சுழற்சி என்பது குறைந்தபட்ச விதி. சுழற்சி என்பது சார்ஜரைச் செருகும் எண்ணிக்கை அல்ல. இன்று அறுபது, நாளை நாற்பது என்று செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுழற்சி. நாளைக்கு ஒன்று என்றே வைத்தாலும் 14 மாதம் என்பது சுமார் 425 சுழற்சிதான். நல்ல பேட்டரியாக இருந்தால் உங்கள் காலக்கெடுவைத் தாராளமாகத் தாண்டும்.

'நல்ல' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைக்கும் பேட்டரிகளில், உறையில் அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இருப்பதில்லை. நீங்கள் அஞ்சும் மூன்று மாதக் கதை அவற்றால்தான் வருகிறது. உங்களுக்குச் சொன்ன 8 தயாரிப்பாளரின் பேட்டரிக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மாற்றிய பேட்டரிக்கு எழுத்தில் உத்தரவாதம் வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் கைபேசியை மேசையில் திரை கீழாக வைத்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் போலச் சுற்றினாலோ திரையின் ஓரம் தூக்கியிருந்தாலோ பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

நிலாமுற்றம்

மேசையில் வைத்துப் பார்த்தேன், சுற்றவில்லை. 8 என்பது தயாரிப்பாளரின் பேட்டரிக்குத்தான் என்று உறுதி செய்துகொண்டு, மூன்று மாத உத்தரவாதத்தோடு நேற்று மாற்றிவிட்டேன். இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திரையில் 58 காட்டியது. 13-ஆவது மாதத்தில் இதே வழிகளுக்கான விலைகளை மறுபடி விசாரித்து, இந்த இழையிலேயே எழுதுகிறேன்.