மறு: 'எர்த் நாய்ஸ்' – புவிக்கண்ணி எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆம்ப்ளிஃபயரில் பாட்டே ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று வரும் ஒலிக்குப் 'புவி இரைச்சல்' என்று இந்தக் கலைச்சொல் இழையில் முன்மொழிந்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் சொல்லும் 'எர்த் நாய்ஸ்' அப்படியே தமிழாகியிருக்கிறது. சொல்ல எளிதுதான். ஆனாலும் அது வேண்டாம் என்பேன். இலக்கணத்துக்காக அல்ல, உயிருக்காக.

'எர்த் நாய்ஸ்' என்று கேட்டதும் பலர் முதலில் செய்வது, மூன்று முள் பிளக்கில் தடித்த முள்ளின், அதாவது எர்த்தின், இணைப்பைக் கழற்றிவிடுவது. பெரும்பாலும் ஒலி நின்றுவிடும். அப்புறம் என்றாவது உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போனால், 230 வோல்ட் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியிலேயே நிற்கும். எர்த் இல்லாததால் ஃபியூஸும் போகாது. தொடுகிறவர் உடல் வழியாகத்தான் மின்சாரம் இறங்கும். பழியை எர்த் மேல் போடும் பெயர் இந்த வேலைக்குத்தான் துணை போகும்.

கோளாறு எர்த்தில் இல்லை. எர்த்துக்கு இரண்டு வழி இருப்பதுதான் கோளாறு. ஆம்ப்ளிஃபயர் ஹாலின் ஒரு மூலையில், சப்வூஃபர் (தாழ்சுருதி ஸ்பீக்கர்) எதிர் மூலையில்; இரண்டுக்கும் மூன்று முள் பிளக், நடுவே ஆடியோ சிக்னலைக் கொண்டுபோகும் ஒரு ஆர்சிஏ கேபிள். இப்போது சுவருக்குள் ஓடும் எர்த் கம்பியும் கேபிளின் உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக வெளிப்பின்னலும் சேர்ந்து ஒரு மூடிய வளையமாகிவிடுகின்றன. அக்கம்பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர், மின்கம்பிகளின் காந்தப்புலம் அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைத் தூண்டும். பின்னலின் மின்தடை சிறியதுதான், ஆனால் அதில் எழும் சின்ன மின்னழுத்தம் சிக்னலோடு கலந்து பெருக்கப்பட்டு ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

எங்கள் வீட்டில் இது கேபிள் டிவி வழியாக வந்தது. செட்டாப் பாக்ஸுக்கு இரண்டு முள்தான், ஆனால் கேபிள் ஒயரின் பின்னல் வெளியே எங்கோ எர்த் ஆகியிருந்தது. அந்த ஒயரைத் திருகிக் கழற்றிய நொடியில் ஒலி நின்றது. திரும்ப மாட்டினால் திரும்ப வந்தது.

ஆகவே இந்த மூடிய எர்த் வழிக்கு (ஆங்கிலத்தில் 'கிரவுண்ட் லூப்') என் பரிந்துரை: புவிக்கண்ணி. எர்த்திங்குக்குப் புவித்தொடுப்பு ஏற்கெனவே பாடநூலில் உள்ள சொல், அதோடு ஒட்டும். 'புவி வளையம்' என்றால் சனிக்கோளின் வளையம்தான் நினைவுக்கு வரும். 'சுற்று' மின்சுற்றுக்குப் போய்விட்டது. கண்ணி என்றால் வலைக்கண்ணி, சங்கிலிக்கண்ணி எல்லாமே மூடியவை, ஓரிடத்தில் அறுத்தால் போதும். வினையும் கூடவே கிடைக்கிறது: கண்ணியை அறு, எர்த்தை அறுக்காதே. ஆடியோ ஒயரின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கம்பித் தொடர்பில்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) வைப்பதும், ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுவதும் கண்ணி அறுத்தல். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது கண்ணியைச் சுருக்குதல்; முதலில் செய்து பார்க்க வேண்டியதும் அதுதான், செலவே இல்லை.

ஒலிக்குத் தனிப்பெயர் வேண்டும். எல்லா 'ம்ம்ம்'மும் புவிக்கண்ணியால் வருவதில்லை. வால்யூமைக் குறைத்தும் மாறாத 100 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் பவர் சப்ளையில் மின்னோட்டத்தைச் சீராக்கும் ஃபில்டர் கப்பாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். கூர்மையாக 'ஜ்ர்ர்' என்று வந்தால் லைட் டிம்மரையோ ஃபேன் ரெகுலேட்டரையோ அணைத்துப் பார்க்க வேண்டும். 'ம்ம்ம்' ஒலிக்கு 'முரல்வு' பொருந்தும், வண்டு முரல்வது சங்கப் பாட்டிலேயே உண்டு. ரீங்காரம் இனிமை சுமந்த சொல், கோளாறுக்கு வேண்டாம். 'ஜ்ர்ர்' ஒலிக்குக் 'கரகரப்பு' போதும் என நினைக்கிறேன், மெக்கானிக்குகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் 'பிரிப்பு மின்மாற்றி' என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.