ஸ்போர்ட்ஸ் காருக்குள் என்ன தோல், எந்த சீட்? நம்ம குமரி மாவட்டத்து அனுபவங்களைச் சொல்லுங்கள்

அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கு அத்தான், துபாயில் இருபத்தாறு வருடம் உழைத்துவிட்டு இந்த வருடக் கடைசியில் ஊரோடு வருகிறார். வீடு கட்டியாயிற்று, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. "இனி எனக்குண்ணு ஒரே ஒரு ஆசை, யாரும் குறுக்க பேசப்பிடாது" என்று சொல்லிவிட்டு அவர் பிடித்து நிற்பது போர்ஷே 911. என்ஜினும் வெளி நிறமும் ஒரே ராத்திரியில் முடிவாகிவிட்டன. உள்ளே என்ன தோல், என்ன துணி, எந்த சீட் என்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கிறது.

போன லீவில் வந்தபோது கொச்சி ஷோரூமுக்கு என்னையும் கூட்டிப்போனார். பளிங்குத் தரை, ஏசி, மெதுவாகப் பேசும் பையன்கள். அத்தான் வேட்டியில் வந்திருந்தார். பக்கெட் சீட் போட்ட கார் ஒன்று நின்றது. கார்பன் ஃபைபரில் வார்த்த ஒரே ஓடு. முதுகுச் சாய்வு அசையாது. உயரத்தைப் பட்டனில் ஏற்றி இறக்கலாம், முன்பின் நகர்த்துவது கையால்தான். படத்தில் பார்த்து அதன் மேல்தான் அவருக்கு மோகம். உள்ளே இறங்குவது பெரிய காரியமில்லை, விழுந்தாலே போதும். வெளியே வருவதுதான் கதை. தொடைப்பக்கத்து மேடு இடுப்பைக் கவ்விக்கொண்டது. வலது காலைத் தூக்கி வெளியே வைத்தார், வேட்டி மேட்டில் மாட்டியது. ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் கூரை விளிம்பையும் பிடித்துக்கொண்டு, "லேய், கொஞ்சம் பிடிடே" என்றார். விற்பனைப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டது நல்ல வளர்ப்பு.

அப்புறம் 18 வழி சீட்டில் உட்கார வைத்தார்கள். உயரம், சாய்வு, இடுப்புத் தாங்கல் எல்லாம் போக, இரண்டு பக்கத்துச் சைடு குஷனையும் பட்டனில் இறுக்கலாம், தளர்த்தலாம். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருபது நிமிடம் இறங்கவும் இல்லை.

தோலும் துணியும் பற்றி எனக்கு ஷோரூம் வெளிச்சத்தில் நம்பிக்கை வரவில்லை. நாகர்கோவிலில் தெரிந்த குஷன் கடையில் வெட்டுத்துண்டுகள் வாங்கினேன்: மேலே பூச்சு கொடுத்த தோல் ஒன்று, பூச்சு குறைவான மிருதுவான தோல் ஒன்று, அல்கன்டாரா மாதிரி, வெல்வெட் போல மேலே நுண்மயிர் உள்ள மைக்ரோஃபைபர் துணி ஒன்று, சும்மா ஒரு ரெக்ஸின். நாலையும் ஒரு பழைய நாற்காலியில் ஒட்டி, மாடி வராந்தாவில் சாரல் படாமல், காற்று மட்டும் படும்படி இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, முழுக்க வைத்திருந்தேன். தினமும் காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு ஒவ்வொன்றையும் ஒரு தடவை தடவுவேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பூச்சுத் தோலில் எண்ணெய் மேலேயே நின்றது, ஈரத்துணியில் போய்விட்டது. மிருதுவான தோல் குடித்துவிட்டது. உள்ளங்கை அளவுக்குக் கறுத்த வட்டம். மைக்ரோஃபைபரின் நுண்மயிர் அமுங்கிப் படிந்து, நாலாவது வாரம் பசுமாட்டு நெற்றி மாதிரி ஒரு பக்கம் மினுங்க ஆரம்பித்தது. தலை சாயும் இடத்தில் அது வந்தால் நம்ம ஆட்களின் தேங்காய் எண்ணெய்க்குத் தாங்காது. இன்னொன்றும் பார்த்தேன்: இரண்டு தோல் துண்டுகளிலும் பின்பக்கம், நாற்காலியோடு ஒட்டிய இடத்தில், சாம்பல் தூவினது போலப் பூசணம்.

ஆர்டரைப் பூட்ட இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்த மாதிரி காரில் உட்கார்ந்தவர்கள், ஓட்டியவர்கள், வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், தக்கலையிலிருந்து:

அண்ணே, நான் பக்கெட் கட்சியில் இருந்து விலகியவன். கூட்டாளி ஒருவனின் காரில் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பக்கத்து சீட்டில் போனேன். வளைவில் கார் திரும்புகிறது, உடம்பு திரும்ப மறுக்கிறது. சாதா சீட் என்றால் முட்டியைக் கதவில் ஊன்றி, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி உடம்பை நிறுத்த வேண்டும். பக்கெட்டில் அந்த வேலையை ஓடு பார்த்துக்கொள்கிறது, கை ஓட்டுவதற்கு மட்டும்தான். அன்றைக்கு உலகத்திலேயே நல்ல சீட் அதுதான் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

அடுத்த மாதம் அதே காரில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போனோம். மார்த்தாண்டம் நெரிசல், களியக்காவிளை நெரிசல், மறுபடி நெரிசல். ஒவ்வொரு குழியும் வால் எலும்பில் கையெழுத்துப் போட்டது. சாய்வை ஒரு விரல் அளவு பின்னுக்குத் தள்ள முடிந்தால் போதும் என்று இருந்தது. முடியாதே. பாலராமபுரத்தில் டீ குடிக்க இறங்கியவன் டீ குடிக்கவில்லை, சும்மா நின்றேன்.

1987இல் வந்த ஃபெராரி எஃப்40யில் எடையைக் குறைக்கக் கார்ப்பெட்டையே விட்டுவிட்டார்கள், உள்ளிருந்து கதவு திறக்க ஒரு கம்பிக்கயிறு. அந்த வெறி எனக்குப் பிடிக்கும். ஆனால் அத்தானுக்கு எவ்வளவு தூரம் டிராக், எவ்வளவு தூரம் கல்யாண வீடு என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, காற்று வரும் சீட் வேண்டுமென்றால் அந்த முழு பக்கெட்டில் கிடையாது.

பதில், மார்த்தாண்டத்திலிருந்து, குஷன் வேலை செய்பவர்:

இருபது வருடமாக ஊசியும் கத்தரியுமாக இருக்கிறேன். பெரும்பாலும் பஸ், ஜீப், டாக்ஸி. விலை உயர்ந்த கார்கள் வருடத்துக்கு நாலைந்து வரும். அவற்றில் கைவைக்கும்போது இப்போதும் வயிறு கொஞ்சம் கலங்கும்.

உங்கள் நாற்காலிச் சோதனை அருமை. பூச்சுத் தோல் என்று கேவலமாகப் பேசுவார்கள், "பிளாஸ்டிக் மாதிரி" என்பார்கள். நம்ம ஊருக்கு அதுதான். பூச்சு இல்லாத தோல் கையில் வெண்ணெய் மாதிரி இருக்கும், வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் இரண்டே வருடத்தில் இட்லித் துணி. பூசணத்துக்குத் தோல் மட்டும் காரணமில்லை. காரை நனைந்த கார்ப்பெட்டோடு மூடி, மேலே கவரும் போட்டு, ஷெட்டில் ஒரு மாதம் விடுவதுதான் காரணம். மழைக்காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு தடவை அரைமணி நேரம் ஏசி போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும்.

அல்கன்டாரா என்றால் மான் தோல் என்று ஒருவர் என் கடையில் நின்று பந்தயமே கட்டினார். தோலே இல்லை அது. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகாமோட்டோ என்கிற விஞ்ஞானி கண்டுபிடித்தது, 1972 முதல் இத்தாலியில் தனி நிறுவனமாக நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு பாலியெஸ்டர், மீதி பாலியூரித்தேன். அவர் பந்தயப் பணத்தை இன்னும் தரவில்லை, பரவாயில்லை. போர்ஷே இப்போது ரேஸ்டெக்ஸ் என்று கொடுப்பதும் இதே குடும்பத்து மைக்ரோஃபைபர்தான். இதைக் கெடுப்பது அழுக்கைவிட, அழுக்கெடுக்கிறேன் என்று வருபவர்கள். ஒரு கார் வந்தது. எங்கேயோ கழுவக் கொடுத்த இடத்தில் டயருக்கும் டாஷ்போர்டுக்கும் அடிக்கும் பளபளப்பு சிலிகானை ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் அடித்துவிட்டார்கள். மயிர் எல்லாம் ஒட்டி, கருவாட்டுச் சாக்கு மாதிரி. என்னால் மீட்க முடியவில்லை. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

இன்னொரு கார், இரண்டாம் கை, நல்ல வேகக்கார். ஓட்டுகிற சீட்டை முந்தைய உடைமையாளர் வேறெங்கோ மாற்றித் தைத்திருந்தார். பார்க்க அழகு. வெளிப்பக்கத் தையலைத் தொட்டேன், நூல் மீன்வலை நைலான் மாதிரி கெட்டி. எனக்குத் திக்கென்றது. அந்த சீட்டின் ஓரத்துக்குள் ஏர்பேக் இருக்கிறது. விபத்தில் பை வெளியே வர வேண்டுமென்றால் அந்த இடத்துத் தையல் கிழிய வேண்டும், அதற்காகவே கம்பெனியில் அங்கே மட்டும் வேறு நூல், வேறு தையல். அதைக் கெட்டி நூலால் தைத்தால் பை தப்பான நேரத்தில், தப்பான பக்கம் வெடிக்கும். பிரித்துப் போட்டுவிட்டு, "இந்த சீட்டை நான் தைக்க மாட்டேன், கம்பெனி உறையே வரவழையுங்கள்" என்று அனுப்பினேன். ஒரு வேலை போனது. அதனால் சொல்கிறேன், வேண்டியதை ஆர்டரிலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு ஊரில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், என் கடைக்கே நஷ்டம் என்றாலும்.

சந்தோஷமான ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 1970களின் பென்ஸ் ஒன்றைத் திருவனந்தபுரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். சீட்டைப் பிரித்தால் உள்ளே ஸ்பாஞ்ச் இல்லை; தேங்காய் நாரை ரப்பர் பாலில் தோய்த்து அழுத்திய மெத்தை. ஜெர்மனிக்காரன் காரின் வயிற்றுக்குள் தேங்காய் நாரும் ரப்பரும். என் வீட்டைச் சுற்றி இருப்பதே அந்த இரண்டும்தான். பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் மோந்து பார்த்துவிட்டு, "அப்பா, தேங்காய்த் தொண்டு ஊறுகிற கிடங்கு வாசம்" என்றான்.

பதில், மணவாளக்குறிச்சியிலிருந்து:

மணலை யாரும் சொல்லவில்லையே. எங்கள் கடற்கரை மணலில் இல்மனைட் தாது மட்டுமில்லை, கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாளில் ஒட்டுகிற சரக்கு. அதைச் செருப்பில் கொண்டுபோய்க் காரில் கொட்டிவிட்டு, கண்ணாடிக் கறுப்பாக மின்னும் அந்த நடு கன்சோலைத் துணியால் துடைத்தால் என்ன ஆகும்? சித்தப்பா மகன் காரில் முதல் வாரமே ஆகிவிட்டது, வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை. பளபளப்புக் கறுப்பை விட்டுவிட்டு மங்கலான அலுமினியமோ வேறு எதுவோ கேளுங்கள். துளை போட்ட தோல் எடுத்தால் துளைக்குள் மணல் போகும், சின்ன வாக்குவம் ஒன்று வாங்கி வையுங்கள்.

பதில், குளச்சலிலிருந்து:

எந்தத் தோல் வேண்டுமானாலும் எடுங்கள். அந்தக் காரில் மீன் வாங்கப் போகாதீர்கள். ஒரே ஒரு தடவை நெய்மீன் பை கவிழ்ந்தது. மூன்று வருடம் ஆயிற்று, மழை பெய்தால் இப்போதும் தெரியும்.

பதில், ஷார்ஜாவில் இருக்கும் இனையம்காரர்:

அத்தான் இங்கே வளைகுடாவில் கார்களைப் பார்த்துப் பழகியவர் என்றால் ஒரு எச்சரிக்கை. இங்கே கடைசிவரை தாங்குவது அங்கே தாங்காது, அங்கே தாங்குவது இங்கே தாங்காது. இங்கே வெயிலில் நிறுத்தினால் டாஷ்போர்டுத் தோல் சுருங்கி, கண்ணாடி ஓரத்தில் பிசின் விட்டு எழும்பி நிற்கும். நம்ம ஊரில் அந்த அளவு இல்லை, ஆனால் ஈரம். நான் பார்த்த ஓர் இத்தாலியக் காரை ஒருவர் இங்கிருந்து ஊருக்குக் கொண்டுபோனார். பட்டன்களின் மேல் ரப்பர் மாதிரி மிருதுவான பூச்சு இருக்குமே, அது ஈரத்தில் இளகி, பலாப்பழம் வெட்டின கை மாதிரி ஒட்ட ஆரம்பித்தது. ஏசி பட்டனை அமுக்கினால் விரலோடு வருகிறது.

டாஷ்போர்டின் மேல்பக்கம் மட்டும் கறுப்பாக, மினுக்கம் இல்லாமல் இருக்கட்டும். நான் ஒரு வருடம் வெளிர் மணல் நிறத்தில் ஓட்டினேன். நண்பகலில் முன் கண்ணாடி முழுக்க டாஷ்போர்டின் பிம்பம்தான். ரேஸ் கார்களில் அந்த இடத்தில் மைக்ரோஃபைபர் ஒட்டுவது ஸ்டைலுக்காக இல்லை. காவல்கிணறு தாண்டி நாலுவழிச்சாலையில் மதியம் ஓட்டினால் புரியும்.

ஆரம்பித்தவர் திரும்ப:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வீடியோவில் எல்லாவற்றையும் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் விஷயத்துக்கு மட்டும் அக்கா உள்ளே இருந்து சிரித்தாள். மார்த்தாண்டத்து அண்ணன் சொன்ன தையல் கதையை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்.

முடிவு இப்படி: பூச்சுத் தோல், கறுப்பு, நடுவில் துளை போட்டது, காற்று வரும் வசதியோடு. டாஷ்போர்டு மேல்பக்கம் கறுப்பு. ரேஸ்டெக்ஸ் கூரையில் மட்டும், அங்கே எண்ணெய்த் தலை படாது. அத்தான் அஞ்சரை அடிதான். பளபளக்கும் கறுப்புப் பட்டை வேண்டாம். நூல் மட்டும் சிவப்பு, அதற்குத் தனி விலை. அந்த விலையில் எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது, ஆனால் அவர் கேட்ட ஒரே அலங்காரம் அதுதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

சீட்டில் 18 வழிதான் என்று நானும் அக்காவும் எழுதியே விட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு அத்தானிடமிருந்து போன். பக்கெட்டை அடியோடு அழிக்க வேண்டாமாம், இன்னும் எட்டு நாள் இருக்கிறதாம். கடைசியில் அக்காவிடம் கேட்டால் விஷயம் வெளியே வருகிறது: மனுஷர் அங்கே ஃபிளாட்டில் காலையிலும் மாலையிலும் குரண்டியில், அந்தத் தாழ்ந்த பலகையில், உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்து பழகுகிறாராம். இருபதில் பதினாலு தடவை சரியாக வருகிறதாம்.