சோதனைத் திடலுக்கு நிலம் பார்க்கப் போனபோது

ரகச் சோதனைக்கு, அதாவது பல ரகங்களை அருகருகே விதைத்து எது மேல் என்று ஒப்பிட, இடம் தேடுகிறவர்கள் உழுது போட்ட வெறும் தரையை வைத்து முடிவெடுக்காதீர்கள். உழுத பிறகு எல்லா நிலமும் ஒரே மாதிரிதான் தெரியும். முந்தைய பயிர் நிற்கும்போதே போய்ப் பாருங்கள்.

நான் பார்க்கப்போன ஒரு வயலில் சோளம் நின்றது. ஒரு மூலையில் மட்டும் கரும்பச்சை, உயரமும் அதிகம். நிலத்துக்காரரிடம் கேட்டேன். “அங்கேதான் சார் ரொம்ப வருஷமா எருக்குழி இருந்துச்சு. மூடி உழுதுட்டோம்” என்றார். அந்த மூலையில் எந்த ரகத்தை விதைத்திருந்தாலும் அதுதான் முதலிடம் பிடித்திருக்கும். அதை விட்டுவிட்டு மீதி நிலத்தைத்தான் எடுத்தோம்.

இது சின்ன விஷயமில்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மெர்சர், ஹால் என்ற இருவர் ஒரு ஏக்கர் கோதுமையை 500 துண்டுகளாகப் பிரித்து அறுத்து எடை போட்டார்கள். 1911-ல் வெளியான அந்தக் கணக்கில் தானிய எடை துண்டுக்கு 2.73 பவுண்டிலிருந்து 5.16 பவுண்டு வரை இருந்தது. ஒரே வயல், ஒரே ரகம்! பத்து சதவீத வித்தியாசத்தைத் தேடுகிற நமக்கு நிலமே இப்படி ஆட்டம் காட்டினால் என்ன செய்வது? அதனால்தான் நிலத்தை பிளாக்குகளாக, அதாவது உள்ளுக்குள் மண் ஒரே மாதிரி இருக்கும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா ரகத்தையும் விதைக்கிறோம். சரிவான நிலம் என்றால் ஒவ்வொரு பிளாக்கும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேட்டையும் பள்ளத்தையும் ஒரே பிளாக்கில் சேர்த்தால் பிரித்ததற்கே பலன் இல்லை.

*

மேலே எழுதியவரைப் போல எருக்குழி அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. சீரான நிலம் கிடைத்துவிட்டது, சரி. அது யாருடைய நிலம் மாதிரி இருக்கிறது?

மானாவாரி ரகங்களுக்காக ஒரு அம்மாவிடம் வயல் கேட்டோம். கிணற்றை ஒட்டிய செழிப்பான வயலைக் காட்டி, “இதையே எடுத்துக்கோங்க” என்றார். நாங்கள் மேலே இருந்த மெலிந்த நிலத்தைக் கேட்டதும் அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தன் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தார். இந்த ரகத்தை வாங்கப்போகிறவர்களுக்குக் கிணறு இல்லை என்று உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் சம்மதித்தார். தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் முதலில் வரும் ரகம், வறட்சியில் கடைசிக்குப் போய்விடலாம். தரவரிசையே தலைகீழாக மாறும். நோய் எதிர்ப்பைப் பார்க்க வேண்டுமென்றால், அந்த நோய் வருடா வருடம் வருகிற இடத்துக்கே போக வேண்டும். நோயே வராத வயலில் எல்லா ரகமும் எதிர்ப்புத்திறன் உள்ளதாகத்தான் தெரியும்.

*

இவர்கள் இருவரும் சொன்னதோடு நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். போன பருவத்தில் உரச் சோதனை நடந்த நிலமா என்று கட்டாயம் கேளுங்கள். பாத்திக்குப் பாத்தி வேறு வேறு அளவில் போட்ட உரம் மண்ணில் மிச்சமிருக்கும். எங்களுக்கு அப்படி ஒரு நிலம்தான் அமைந்தது. ஒரு பருவம் முழுக்க உரமே இடாமல் ஒரே ரகத்தை விதைத்து அறுத்தோம், அப்புறம்தான் சோதனையைத் தொடங்கினோம். மேலதிகாரிகள் தாமதம் என்றார்கள்; நான் இன்றும் அதைத் தாமதமாக நினைக்கவில்லை. போன பயிரின் உதிர்விதை முளைத்து ரகம் கலக்குமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் மரங்கள். நிழல் கண்ணுக்குத் தெரியும், வேர் தெரியாது. ஓரத்து மரங்களிலிருந்து நன்றாகத் தள்ளியே பாத்தி கட்டுங்கள்.