உதவி: & போட்டால் பின்னணிக்குப் போகிறது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது

குடியாத்தம்_ஸ்டுடியோ, இரவு 10.48
அவசரம். கைப்பேசியில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக இணையத்தில் பாடங்கள் பார்த்து லினக்ஸில் ஷெல் (கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் இடம்) கற்றுக்கொண்டு வருகிறேன். கட்டளைக்குப் பின்னால் & போட்டால் அது பின்னணியில் ஓடும், நாம் வேறு வேலை பார்க்கலாம் என்று நான்காம் பாடத்தில் சொன்னார்கள். செய்து பார்த்தேன், ஓடியது. என் வேலைக்குப் போட்டால் மட்டும் ஓடவில்லை. ஓர் எண் வருகிறது, அத்தோடு சரி. இரண்டு மணி நேரமாகக் கோப்பு 212 எம்பியிலேயே நிற்கிறது. & இல்லாமல் போட்டால் நன்றாக ஓடுகிறது. நாளை மாலைக்குள் பெண் வீட்டாருக்குக் கொடுத்தாக வேண்டும்.

காட்பாடி_ஜங்ஷன், இரவு 10.55
என்ன கட்டளை? என்ன கோப்பு? எந்த லினக்ஸ்? பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டியது என்ன, சீர்வரிசையா?

ராணிப்பேட்டை_தோல், இரவு 10.57
இந்த & எல்லாம் பழைய காலம். டிமக்ஸ் என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். உள்ளே போய் வேலையை ஓடவிட்டு, கண்ட்ரோல்+பி, பிறகு டி அழுத்தி வெளியே வந்துவிடலாம். மறுநாள் திரும்பிப் போனால் விட்ட இடத்தில் இருக்கும். நான் மூன்று வருடமாக இப்படித்தான்.

மேன்பக்கம், இரவு 11.02
இங்கே வாரம் ஒருமுறை வரும் கேள்வி. டெர்மினல் சன்னலை, அதாவது கட்டளை தட்டும் சன்னலை, மூடியிருப்பீர்கள். மூடினால் உள்ளே ஓடும் நிரலுக்கு, அதாவது செயலுக்கு, ஹப் என்ற 1ஆம் எண் சிக்னல் (இயக்குதளம் அனுப்பும் சின்னச் செய்தி) போகும். தொலைபேசி மோடம் காலத்தில் இணைப்பு அறுந்ததைச் சொல்ல வைத்த பெயர் அது. கட்டளைக்கு முன்னால் நோஹப் சேர்த்தால் அந்தச் சிக்னலைச் செயல் பொருட்படுத்தாது. காணொளி பார்த்துப் பழகுகிறவர்கள் ஒருமுறையாவது கையேட்டையும் திறந்து பார்க்கலாம், தமிழ்நாட்டில் அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

குடியாத்தம்_ஸ்டுடியோ, இரவு 11.09
ஐயா, சன்னலை மூடவே இல்லை. என் கண் முன்னாலேயே திறந்து இருக்கிறது.
உபுண்டு 22.04. பழைய லேப்டாப். ஓடும் செயல்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டுப் பார்த்தேன், பட்டியலில் இருக்கிறது, நிலை என்ற இடத்தில் டி என்று காட்டுகிறது. நிறுத்துவதற்குக் கில் போட்டேன், போகவில்லை.

காட்பாடி_ஜங்ஷன், இரவு 11.10
இன்னும் கட்டளையைச் சொல்லவில்லை.

ஆற்காடு_மக்கன்பேடா, இரவு 11.14
டி என்றால் முடிந்தது கதை. வட்டின் பதிலுக்காகக் காத்துக் கிடக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இருப்பதை எந்தச் சிக்னலாலும் அசைக்க முடியாது, வட்டு பதில் சொன்னால்தான் உண்டு. கில் போட்டும் போகவில்லை என்கிறீர்களே, அதுவே அடையாளம். நான் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், வைகாசி வந்தால் தினம் இரண்டு வட்டு வருகிறது. நம் ஊர் வெயிலில் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் வேறு என்ன ஆகும்? முதலில் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

குடியாத்தம்_ஸ்டுடியோ, இரவு 11.16
பயமாக இருக்கிறது. 43 கோப்பு, முழுக் கல்யாணமும் இதில்தான் இருக்கிறது. நகலெடுக்க இடம் இல்லை.

முள்ளுக்கத்தரி, இரவு 11.18
பதற்றப்படாதீர்கள் தம்பி. கில் -9 போட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

மேன்பக்கம், இரவு 11.21
வந்துவிட்டார். -9 என்பது மருந்து இல்லை ஐயா, கோடரி. வெறும் கில் அனுப்புவது 15ஆம் எண் சிக்னல். அது "கிளம்பு" என்று சொல்வது. செயல் கையில் இருக்கும் வேலையை முடித்து, கோப்பை மூடிவிட்டுக் கிளம்பும். 9ஐச் செயல் பிடிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கல்யாணம் என்கிறார், அப்படியென்றால் எம்பி4 காணொளியாகத்தான் இருக்கும். எந்தக் காட்சி எங்கே என்ற அட்டவணை அந்தக் கோப்பில் வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. நடுவில் -9 போட்டால் அட்டவணை இருக்காது. ஒரு ஜிபி இருந்தாலும் எந்தப் பிளேயரும் திறக்காது.

முள்ளுக்கத்தரி, இரவு 11.24
பத்து வருடமாக -9தான் போடுகிறேன், என் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. அவர் 15 அனுப்பிப் பார்த்துவிட்டார், போகவில்லை. போகாததை வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க முடியும்?

மேன்பக்கம், இரவு 11.26
ஏன் போகவில்லை என்று கேட்பதற்கு முன்பே கோடரி எடுக்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

முள்ளுக்கத்தரி, இரவு 11.27
நீங்கள் மட்டும் கேட்டீர்களா? சன்னலை மூடினார் என்று நீங்களாகவே முடிவு செய்தீர்கள்.

ராணிப்பேட்டை_தோல், இரவு 11.29
டிமக்ஸ் இருந்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

காட்பாடி_ஜங்ஷன், இரவு 11.31
ஆறு இருக்கிறது தண்ணீர் இல்லை, கோட்டை இருக்கிறது ராஜா இல்லை, கோயில் இருக்கிறது சாமி இல்லை. இப்போது செயல் இருக்கிறது வேலை இல்லை. வேலூரின் அடுத்த அதிசயம் கிடைத்துவிட்டது.

ஆற்காடு_மக்கன்பேடா, இரவு 11.33
ஜலகண்டேசுவரர் 1981லேயே சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குத் திரும்பிவிட்டார். இன்னும் அதே பழமொழியைச் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

காட்பாடி_ஜங்ஷன், இரவு 11.34
சரி, சாமி வந்துவிட்டார். தண்ணீர்?

ஆற்காடு_மக்கன்பேடா, இரவு 11.35
2021 நவம்பரில் வந்ததே, பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்கவில்லையா?

காட்பாடி_ஜங்ஷன், இரவு 11.35
ஒரு நவம்பர்!

பாலாற்று_மணல், இரவு 11.41
ஸ்டுடியோ தம்பி, மூன்று கேள்வி.
ஒன்று, எந்த டி? தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நம் வேலூர் வண்டிகளில் டிஎன் 23 என்று இருக்கிறதே அந்த டியா, டெல்லி வண்டியின் டிஎல்லில் வரும் டியா?
இரண்டு, ஜாப்ஸ் (இந்த ஷெல்லின் வேலைப் பட்டியல்) என்று தட்டினால் என்ன வருகிறது?
மூன்று, எல்லோரும் கேட்டதுதான்: கட்டளை.

குடியாத்தம்_ஸ்டுடியோ, இரவு 11.52
வேலூர் டி.
ஜாப்ஸ் போட்டால் ஸ்டாப்டு என்று வருகிறது.
காணொளியை மாற்றும் எஃப்எஃப்எம்பெக், அடுத்து -ஐ என்ற ஆங்கில எழுத்து, மூலக்கோப்பின் பெயர், கடைசியில் புதுக்கோப்பின் பெயர், பிறகு &. இதைத்தான் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதவில்லை.

பாலாற்று_மணல், நள்ளிரவு 12.10
வட்டுக்கு ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள். மக்கன்பேடா சொன்னது டெல்லி டிக்குப் பொருந்தும். உங்களுடையது நிறுத்தி வைக்கப்பட்ட செயல்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஸ்லீப் 100 & என்று தட்டி, ஜாப்ஸ் பாருங்கள்: ரன்னிங். இப்போது கேட் & என்று தட்டி, இன்னொரு முறை எண்டர் அழுத்துங்கள். உடனே ஸ்டாப்டு என்று வரும். அதே &, அதே ஷெல். ஒன்று ஓடுகிறது, மற்றது நிற்கிறது. ஸ்லீப் சொன்ன நொடிகள் சும்மா இருக்கும், யாரிடமும் எதுவும் கேட்காது. கேட் என்ற கட்டளை விசைப்பலகையிடம் உள்ளீடு கேட்கும்.

ஒரு டெர்மினலில் விசைப்பலகை ஒன்றுதான். மண்டபத்து மைக் மாதிரி, முன்னால் நிற்பவர் கையில்தான் இருக்கும். பின்வரிசைக்காரர் எட்டி அதைப் பிடிக்கப் போனால் கெர்னல் (இயக்குதளத்தின் மையம்) அவரை "உட்கார்" என்று அமர்த்திவிடும். விசைப்பலகையிலிருந்து படிக்க முயன்றால் 21ஆம் எண் சிக்னல், டெர்மினலின் அமைப்பை மாற்ற முயன்றால் 22. இரண்டுக்கும் விளைவு ஒன்றே, செயல் நின்றுவிடும். எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது க்யூ அழுத்தினால் நின்றுவிடும், கவனித்திருப்பீர்கள். அந்த க்யூ வருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அது ஆரம்பத்திலேயே மைக்கில் கை வைக்கிறது. தான் பின்னணியில் இருப்பது அதற்குத் தெரியாது.

உங்கள் மேல் தவறு இல்லை. நான் பார்த்த பாடங்களிலும் & என்றால் ஸ்லீப்பைத்தான் ஓட்டிக் காட்டினார்கள். அது எந்த வம்புக்கும் போகாத பிள்ளை. வாயைத் திறக்கும் பிள்ளையை அழைத்துப்போனால் என்ன நடக்கும் என்று ஒருவரும் காட்டவில்லை. நானும் இதில் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன்.

தீர்வு: எஃப்எஃப்எம்பெக் என்பதற்கு அடுத்து -நோஸ்டிடின் சேருங்கள், விசைப்பலகையைத் தொடாதே என்று பொருள். (தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை.) முடிவில் > பதிவு 2>&1 & என்று போடுங்கள், இல்லாவிட்டால் அது பேசுவதெல்லாம் உங்கள் திரையில் வந்து கொட்டும்.

மேன்பக்கம், நள்ளிரவு 12.16
நான் முதலிலேயே சொன்ன நோஹப் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும். சோதித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

பாலாற்று_மணல், நள்ளிரவு 12.20
ஓடும் சார். ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தால் இல்லை. உபுண்டுவில் இருக்கும் குனூ நோஹப், உள்ளீடு டெர்மினலாக இருந்தால் அதைத் துண்டித்துவிட்டுப் படிக்க முடியாத ஒன்றை அங்கே வைக்கிறது. மைக்கையே கழற்றிவிடுகிறது. அதனால்தான் ஓடுகிறது, ஹப்புக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

கில் சண்டைக்கும் ஒரு வார்த்தை. நிற்கும் செயலுக்கு 15 அனுப்பினால் அது வாசலில் காத்திருக்கும். செயல் எழுந்த பிறகுதான் வாங்கிக்கொள்ளும். கில் -18 அனுப்பினால் எழுந்து, காத்திருந்த 15ஐ வாங்கிக்கொண்டு போய்விடும். -9க்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. எம்பி4 அட்டவணையைப் பற்றி மேன்பக்கம் சார் சொன்னது சரி. ஆனால் இந்தச் செயல் இன்னும் கோப்பைத் தொடவே இல்லை, ஆகவே இங்கே -9 போட்டாலும் நஷ்டம் இல்லை.

முள்ளுக்கத்தரி, நள்ளிரவு 12.21
கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். அருமை.

மேன்பக்கம், நள்ளிரவு 12.24
"இங்கே" என்ற சொல்லையும் படிக்கவும். 4.1 பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்த ஏற்பாடு இது, அதாவது 1981.

காட்பாடி_ஜங்ஷன், நள்ளிரவு 12.25
சாமி கோட்டைக்குத் திரும்பிய அதே ஆண்டு. எல்லாம் ஒரு கணக்கோடுதான் நடக்கிறது.

குடியாத்தம்_ஸ்டுடியோ, நள்ளிரவு 12.31
-நோஸ்டிடின் போட்டேன். இப்போது ஸ்டாப்டு வரவில்லை. ஒரு நொடியில் எக்ஸிட் 1 என்று வந்துவிட்டது. கோப்பு அதே 212 எம்பி.

ராணிப்பேட்டை_தோல், நள்ளிரவு 12.33
டிமக்ஸ்.

பாலாற்று_மணல், நள்ளிரவு 12.36
பதிவு கோப்பைத் திறந்து கடைசி வரியைப் படியுங்கள்.

குடியாத்தம்_ஸ்டுடியோ, நள்ளிரவு 12.40
கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, வெளியேறுகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஆமாம், மாலையில் & இல்லாமல் போட்டு, நடுவில் கண்ட்ரோல்+சி அழுத்தி நிறுத்தினேன். அந்த அரைகுறைக் கோப்புதான் இந்த 212.

பாலாற்று_மணல், நள்ளிரவு 12.49
அதனால்தான் அது இரண்டு மணி நேரம் அசையவில்லை, அதை யாரும் எழுதிக்கொண்டே இல்லை. மேலே எழுதட்டுமா என்று கேட்க மைக் கையில் இல்லாததால் தானே கிளம்பிவிட்டது. -ஒய் சேர்த்தால் கேட்காமல் மேலெழுதும். மூலக்கோப்பின் பெயரும் புதுக்கோப்பின் பெயரும் வேறு வேறுதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு -ஒய் போடுங்கள்.

43 கோப்புக்கு ஃபார் சுழலி (ஒரே கட்டளையைக் கோப்புக்குக் கோப்பு திரும்ப ஓட்டுவது) எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். & ஐச் சுழலிக்கு உள்ளே போடாதீர்கள், 43ம் ஒரே நேரத்தில் கிளம்பி லேப்டாப்பை உட்கார வைத்துவிடும். சுழலியை முடிக்கும் டன் என்பதற்குப் பின்னால் ஒரே ஒரு & போதும், ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். கோப்புப் பெயர் வரும் மாறியை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். பட்டியலை வரி வரியாகப் படிக்கும் வைல் சுழலி என்றால் -நோஸ்டிடின் இன்னும் அவசியம். இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் பட்டியலில் இருக்கும் எழுத்துகளைத் தின்றுவிடும், அடுத்த கோப்பின் பெயர் தலை இல்லாமல் வரும்.

டெர்மினலை மூடுவதாக இருந்தால் மட்டும் டிஸ்ஓன் போடுங்கள், மூடினாலும் வேலை தொடரும். லேப்டாப்பின் மூடியை மூடாதீர்கள், அதுவே தூங்கிப்போகும்.

ஆற்காடு_மக்கன்பேடா, நள்ளிரவு 12.53
மெத்தை மேலும் வைக்காதீர்கள். அதில் நான் பின்வாங்கமாட்டேன்.

காட்பாடி_ஜங்ஷன், மறுநாள் காலை 9.20
தம்பி, ஓடியதா?

காட்பாடி_ஜங்ஷன், மதியம் 2.05
ஆளையே காணோம்.

முள்ளுக்கத்தரி, மதியம் 2.11
நிலை என்ன டி என்று பிஎஸ் போட்டுப் பாருங்கள்.

குடியாத்தம்_ஸ்டுடியோ, இரவு 8.37
ஓடியது. எல்லோருக்கும் நன்றி, மணல் அண்ணாவுக்கு மிகவும். 41 முடிந்தது, பென் டிரைவில் கொடுத்துவிட்டேன். இரண்டு கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தது, மேற்கோள் குறி போட மறந்துவிட்டேன், விடுபட்டுவிட்டன. மொய் எழுதுகிற இடத்தில் எடுத்ததுதான், யாரும் கேட்கமாட்டார்கள்.

பாலாற்று_மணல், இரவு 8.44
அண்ணா இல்லை, அக்கா. மொய் எழுதுகிற இடத்தைத்தான் முதலில் கேட்பார்கள், அந்த இரண்டையும் இப்போதே ஓடவிடுங்கள்.

மேன்பக்கம், இரவு 9.15
தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்க்கவும்.

மேன்பக்கம், நான்கு நாள் கழித்து
தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்க்கவும்.